அத்தியாயம் 6: ஒரு கெரிஸ், இரண்டு நூல்கள் (இந்தோனேசியக் கதையை இசை நாடகமாக்குதல்)

இந்தோனேசிய வரலாற்றில் மேடைக்கு ஏற்ற கதைகளுக்குப் பஞ்சம் இல்லை. ஒரே இரவில் ஆயிரம் கோயில் கேட்ட ரோரோ ஜொங்ராங், ஆயர்லங்க மன்னனின் நாட்டைக் கொள்ளைநோயால் வாட்டிய சாலோன் ஆராங், உருமாறித் திரியும் காதலர்களான பாஞ்சியும் சந்திரகிரணாவும் என்று பட்டியல் நீளும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இந்தக் கதைகளில் வரலாறும் புராணமும் பிரிக்க முடியாமல் பின்னிக் கிடக்கின்றன. "உண்மையில் நடந்தது என்ன?" என்று தேடப் போனால் நாடகம் பாடப்புத்தகமாகிவிடும். "எல்லாம் கதைதானே" என்று விட்டுவிட்டால் மேடையில் வெறும் பட்டாடைதான் மிஞ்சும். வரலாறும் கதையும் முரண்படும் இடத்தைக் கண்டுபிடித்து, அந்த முரணையே நாடகத்தின் முதுகெலும்பாக்குங்கள். இதைச் செய்யும் முறையை ஒரே எடுத்துக்காட்டைக் கொண்டு பார்ப்போம். கிழக்கு ஜாவாவில் சிங்கசாரி அரசை நிறுவிய கென் ஆரோக்கின் கதை அது.

கதைச் சுருக்கம்

கென் ஆரோக் பாங்குர் என்ற ஊரில் பிறந்தவன். தாய் கென் எண்டோக், தந்தை பிரம்மதேவன் என்கிறது கதை. தாய் இடுகாட்டில் விட்டுச் சென்ற குழந்தை இருளில் ஒளிவிட, லெம்போங் என்ற திருடன் எடுத்து வளர்க்கிறான். பிள்ளை சூதாடியாகவும் வழிப்பறிக்காரனாகவும் வளர்கிறான். லோகாவே என்ற அந்தணர் அவனிடம் தெய்வ அம்சத்தைக் கண்டு, துமாப்பேலின் ஆட்சியாளன் துங்குல் அமெதுங்கிடம் வேலைக்குச் சேர்த்துவிடுகிறார்.

துங்குல் அமெதுங்கின் மனைவி கென் டெடெஸ். பானவிஜென் ஊரில் வாழ்ந்த எம்பு பூர்வா என்ற பௌத்தத் துறவியின் மகள். தந்தை இல்லாத வேளையில் அவளைத் தூக்கி வந்தவன் துங்குல் அமெதுங். ஒருநாள் தோட்டத்தில் வண்டியிலிருந்து இறங்கும்போது ஆடை விலக, அவள் உடலில் ஒளி தெரிவதை ஆரோக் பார்க்கிறான். இவளை மணப்பவன் பேரரசனாவான் என்கிறார் லோகாவே.

ஆரோக், எம்பு கந்த்ரிங் என்ற கொல்லனிடம் ஒரு கெரிஸ் (ஜாவானியக் குத்துவாள்) செய்யச் சொல்கிறான். கொல்லன் ஓராண்டு கேட்க, இவன் ஐந்தே மாதம் கொடுக்கிறான். கெடு முடிந்து வந்து பார்த்தால் வேலை முடியவில்லை. அந்தக் கெரிஸாலேயே கொல்லனைக் குத்துகிறான். சாகும் கொல்லன், இதே கெரிஸால் நீயும் உன் பிள்ளைகளும் பேரர்களுமாக ஏழு அரசர்கள் சாவீர்கள் என்று சபிக்கிறான். பிறகு ஆரோக் துங்குல் அமெதுங்கைக் கொன்று, கருவுற்றிருக்கும் டெடெஸை மணந்து, 1222-இல் காந்தேர் போரில் கெடிரி மன்னன் கெர்தஜயாவை வென்று அரசனாகிறான். பல ஆண்டுகள் கழித்து, துங்குல் அமெதுங்கின் மகனான அனுசபதி அதே கெரிஸால் ஆரோக்கைக் கொல்ல வைக்கிறான். ஆரோக்கிற்கு இன்னொரு மனைவி கென் உமாங் வழிப் பிறந்த தோஜயா அதே கெரிஸால் அனுசபதியைக் கொல்கிறான்.

படி 1: இரண்டு நூல்களையும் எதிரெதிரே வையுங்கள்

மேலே சொன்ன கதை முழுவதும் பரரதோன் என்ற ஜாவானிய நூலில் இருப்பது. இன்னொரு நூல் நாகரகிருதாகமம். மஜபாகித் பேரரசன் ஹயாம் வூருக்கின் காலத்தில், 1365-இல், அரசவைக் கவிஞர் பிரபஞ்சா இயற்றியது. அதில் திருடன் இல்லை, கொல்லன் இல்லை, கெரிஸும் இல்லை. சிங்கசாரியை நிறுவிய ராஜசன், அதாவது நம் கென் ஆரோக், மலைக்கடவுளின் மகன். காலம் முடிந்து தெய்வ உலகு சேர்ந்தான். அவ்வளவுதான்.

ஒரு தாளை இரண்டாக மடித்து, ஒவ்வொரு நிகழ்வுக்கும் இரு நூல்களும் சொல்வதை எழுதுங்கள். மூன்று முரண்கள் உடனே கண்ணில் படும்.

• ராஜசன் இறந்த ஆண்டு பரரதோனில் 1247, நாகரகிருதாகமத்தில் 1227.
• பரரதோனில் ராஜசனும் அனுசபதியும் கொலையுண்டு சாகிறார்கள். அரசவைக் கவிதையில் இருவரும் அமைதியாக மறைகிறார்கள்.
• தோஜயாவின் பெயரையே அரசவைக் கவிதை சொல்வதில்லை. ஆனால் 1255-ஆம் ஆண்டின் மூல மலுருங் செப்பேட்டில் அவன் பெயர் இருக்கிறது.

இவற்றை நாடகக்காரரின் கண்ணோடு பாருங்கள். முதல் முரணில் முடிவு எளிது. 1227-ஐ எடுத்தால் அனுசபதி பழிவாங்கும் வயதுக்கு வந்திருக்க மாட்டான், கதை நிற்காது. 1247-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற இரண்டும் உங்களுக்குக் கிடைத்த பரிசு. செப்பேட்டில் இருக்கும் ஒருவனை அரசவைக் கவிதை விட்டுவிடுகிறது என்றால், அரண்மனை மறைக்க விரும்பிய ஏதோ ஒன்று இருந்தது என்று நாடகம் ஊகிக்கலாம். அது உங்கள் ஊகம்தான் என்பதை மேடையிலும் மறைக்காதீர்கள்.

செய்ய வேண்டியது: இரண்டு கதைசொல்லிகளை வையுங்கள். ஒருவர் அரசவைக் கவிஞர், மற்றவர் ஊர்க்கதை சொல்பவர். ஒவ்வொரு சாவுக்குப் பின்னும் கவிஞர் பாடும் துதியை ஊர்க்கதைக்காரர் நடுவில் வெட்டிப் பாடட்டும். பார்வையாளருக்கு எது வரலாறு, எது புராணம் என்று தனியாக விளக்கம் தர வேண்டியிருக்காது.

படி 2: இரவை மூன்றாகப் பிரியுங்கள்

ஜாவாவின் வாயாங் குலித் என்னும் தோல்பாவைக் கூத்து இரவு ஒன்பது மணி வாக்கில் தொடங்கி விடியும்வரை நடக்கும். இரவு மூன்று பகுதிகளாகப் பிரிந்திருக்கும். பாதெத் நெம் தாழ்ந்த, நிதானமான சுரநிலை. நள்ளிரவில் தொடங்கும் பாதெத் சாங்கா நடுநிலை. விடியலை நோக்கிய பாதெத் மன்யுரா உயர்ந்து ஒலிக்கும். கதையின் வேகமும் இசையின் சுரநிலையும் கூடவே ஏறும். இரண்டரை மணி நேர இசை நாடகத்துக்கும் இந்த அமைப்பு கச்சிதமாகப் பொருந்தும்.

முதல் பகுதி: இடுகாட்டுக் குழந்தை, சூதாட்டக் களம், டெடெஸ் கடத்தப்படுவது, தோட்டம்.

இரண்டாம் பகுதி: கொல்லன் பட்டறை, கெரிஸை இரவல் வாங்கும் கெபோ இஜோ, துங்குல் அமெதுங்கின் கொலை, திருமணம், காந்தேர் போர். இடைவேளையைத் திருமணத்தில் விடுங்கள், போரில் விடாதீர்கள். கொலைகாரனும் விதவையும் மணக்கோலத்தில் நிற்கும்போது விளக்கு அணைந்தால், பார்வையாளர் வெளியே போய் அதைப் பற்றித்தான் பேசுவார்கள்.

மூன்றாம் பகுதி: அனுசபதி தாயிடம் கேட்கும் கேள்வி, கெரிஸ் கைமாறுவது, ஆரோக்கின் சாவு, அனுசபதியின் அச்சம், தோஜயா அவனைக் கொல்லும் சேவற்கட்டு.

வாயாங்கில் நள்ளிரவில் காரா-காரா என்ற கட்டம் வரும். உலகமே குலுங்குவதாகச் சொல்லிவிட்டு, செமார், காரெங், பெத்ருக், பாகோங் என்ற பணியாட்கள் வந்து சிரிக்க வைப்பார்கள். நம் ஸ்பெஷல் நாடகத்துப் பபூனைப் போல இவர்களும் அன்றைய ஊர்ச் செய்தியைப் பேசலாம், அரசனைக் கிண்டலடிக்கலாம். போருக்கு முன் இவர்களை இறக்குங்கள். பார்வையாளர்கள் சிரித்துவிட்டு வந்தால்தான் மூன்றாம் பகுதியின் சாவுகளைத் தாங்குவார்கள்.

படி 3: யார் பாடுவது என்று முடிவு செய்யுங்கள்

இசை நாடகத்தில் ஒருவர் பாடத் தொடங்கினால், பேச்சு போதவில்லை என்று பொருள். இந்தக் கதையில் தன் மனத்தைப் பேச இடம் கொடுக்கப்படாத ஒருத்தி இருக்கிறாள். தூக்கி வரப்பட்டவள், கணவனைக் கொன்றவனை மணந்தவள், இறுதியில் கெரிஸை மகன் கையில் கொடுப்பவள் டெடெஸ். அவள் மனத்தில் ஓடியது என்ன என்று பரரதோன் விரித்துச் சொல்வதில்லை. அந்த இடங்களில்தான் பாட்டு வர வேண்டும்.

அவளுக்கு மூன்று பாடல்கள் ஒதுக்குங்கள்: துமாப்பேலுக்கு வரும் வழியில் ஒன்று, இரண்டாம் மணத்தில் ஒன்று, கெரிஸைக் கொடுக்கும் முன் ஒன்று. ஆரோக்கிற்கு ஆசைப் பாடலும் வெற்றிப் பாடலும் போதும். ஒரு விதியும் வைத்துக்கொள்ளுங்கள்: கையில் கெரிஸ் இருக்கும் யாரும் பாடக் கூடாது. பாட வேண்டுமானால் அதைக் கீழே வைக்க வேண்டும். இது இயக்குநருக்கும் இசையமைப்பாளருக்கும் பல குழப்பங்களைத் தீர்த்துவிடும்.

தோட்டக் காட்சி பற்றி ஓர் எச்சரிக்கை. ஒளிரும் உடலை அப்படியே காட்டினால் காட்சி மலினமாகும். ஒளியை ஆரோக்கின் முகத்தில் மட்டும் விழ வையுங்கள். டெடெஸ் தன் பாட்டில் நடந்து போகட்டும். தன்னைப் பற்றி ஒரு தீர்ப்பு எழுதப்பட்டது அவளுக்கே தெரியாது என்பதுதான் அந்தக் காட்சியின் கொடுமை.

படி 4: பாடல் எழுதுவது

ஜாவானியப் பாட்டு வடிவங்களில் பரவலானது மாச்சபத். பதினொரு வகைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் எத்தனை அடி, ஓர் அடியில் எத்தனை உயிரொலி, அடி எந்த உயிரில் முடிய வேண்டும் என்பதெல்லாம் கட்டுப்பாடு. ஒவ்வொரு வகைக்கும் ஒரு குணமும் உண்டு. துர்மா கோபத்துக்கும் போருக்கும், அஸ்மரதானா காதலுக்கும், மஸ்குமம்பாங் துயரத்துக்கும், பொச்சுங் வேடிக்கைக்கும் விடுகதைக்கும் வரும்.

மஸ்குமம்பாங்கில் நான்கு அடிகள். முதல் அடியில் 12 உயிரொலி, இகரத்தில் முடிவு. இரண்டாம் அடியில் 6, அகரம். மூன்றாவதில் 8, இகரம். நான்காவதில் 8, அகரம். புள்ளி எழுத்துகளைக் கணக்கில் சேர்க்காமல், குறில் நெடில் வேறுபாட்டையும் தளர்த்திவிட்டால், தமிழில் இதைச் செய்து பார்க்கலாம். டெடெஸின் முதல் பாடலுக்கு ஒரு மாதிரி:

வண்டி போகும் வழியெங்கும் எந்தை மொழி
காற்றில் கரையாதா
திரும்பிப் பார்த்தால் ஊர் தூசி
யாருக்கு நான் அரசியா

எண்ணிப் பாருங்கள், கணக்கு சரியாக வரும். நாடகம் முழுவதும் இப்படி எழுத வேண்டியதில்லை. டெடெஸின் மூன்று பாடல்களுக்கும் கொல்லனின் சாபத்துக்கும் வைத்துக்கொண்டால் போதும். மாச்சபத்தில் யாப்பு முன்னே போகும், மெட்டு பின்னே வரும். ஆகவே பாடலாசிரியர் முதலில் எழுதித் தரட்டும், இசையமைப்பாளர் அதன் மேல் மெட்டமைக்கட்டும்.

இன்னொன்று. ஜாவானிய இசையில் நான்கு தட்டுகள் கொண்ட கூறுக்குக் காத்ரா என்று பெயர். அதில் அழுத்தம் கடைசித் தட்டில் விழும். பெரிய கோங்கும் சுற்றின் முடிவில்தான் ஒலிக்கும். சமத்தில் தொடங்கிப் பழகிய நம் பாடகர்களுக்கு இது முதலில் தடுமாற்றம் தரும். பாடலாசிரியர் கனமான சொல்லை அடியின் கடைசியில் வைத்தால் பாதித் தடுமாற்றம் தீரும்.

படி 5: காமெலான்

காமெலான் என்ற ஜாவானிய வெண்கல வாத்தியக் குழுவோடு வேலை செய்வதற்கு முன் நான்கு உண்மைகளைப் புரிந்துகொள்ளுங்கள்.

1. இரண்டு சுர அமைப்புகள் உண்டு. ஸ்லென்ட்ரோவில் ஏறக்குறைய சம இடைவெளியில் ஐந்து சுரங்கள். பெலோகில் ஏழு சுரங்கள், இடைவெளிகள் சமமல்ல.

2. ஒரு காமெலானின் சுருதி இன்னொன்றுக்குப் பொருந்தாது. ஒவ்வொரு தொகுதியும் தனக்கென ஒரு சுருதியில் வார்க்கப்பட்டது. ஒரு தொகுதியில் ஒத்திகை பார்த்து, மற்றொன்றில் அரங்கேற்றினால் பாடகர்கள் தவிப்பார்கள்.

3. சுருதியை மாற்ற முடியாது. "அரைக் கட்டை இறக்குங்கள்" என்று வெண்கலத்திடம் கேட்க முடியாது. எனவே குரல் தேர்வை அந்த வாத்தியங்களின் முன்னாலேயே நடத்துங்கள்.

4. கீபோர்டு, கிட்டார் இவற்றோடு அது ஒட்டாது. இரண்டும் தேவை என்றால் சேர்த்து வாசிக்க விடாமல் மாறி மாறி வாசிக்க விடுங்கள். அரசவைக் கவிஞருக்கு ஒன்று, ஊர்க்கதைக்காரருக்கு மற்றது என்று பிரித்தால் சுருதி முரணே கதைக்கு உதவும்.

கர்நாடக இசை பயின்றவர்கள் ஸ்லென்ட்ரோவைக் கேட்டதும் மோகனத்தில் பாடத் தொடங்குவார்கள். கிட்டத்தட்ட ஒன்றுபோல இருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. கமகத்தைக் குறைத்து, வாத்தியத்தின் சுரத்தில் வந்து நிற்கப் பழக்குங்கள்.

சொற்கள் காதில் விழ வேண்டிய இடத்தில் ரெபாப், கெண்டெர், கம்பாங், சூலிங் ஆகிய மென்மையான வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கட்டும். சாரோன், போனாங் போன்றவை போருக்கும் அரச வருகைக்கும் உரியவை. வேகத்தை நடத்துபவர் கெண்டாங் என்ற மத்தளம் வாசிப்பவர். நடிகர்கள் அவரைக் கேட்டு நடக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

கெரிஸுக்கென்று ஒரு ஒலி வையுங்கள். கொல்லன் பட்டறையில் கேட்ட சம்மட்டி அடி மூன்றே தட்டாகப் போதும். ஒவ்வொரு கொலைக்கு முன்னும் அதே மூன்று தட்டுகள் வந்தால், மூன்றாம் பகுதியில் அந்த ஒலி மட்டுமே கொலையைச் சொல்லிவிடும்.

படி 6: பொருளும் உடையும்

கெரிஸ் ஜாவாவில் குலச் சொத்து, வழிபாட்டுக்கும் உரியது. அதை வெறும் கத்தியாக வீசி விளையாட விடாதீர்கள். ஜாவானியர் அதை இடுப்பின் பின்புறம் செருகுவர். பரரதோனில் ஓர் அருமையான விவரம் இருக்கிறது: அந்தக் கெரிஸின் கைப்பிடி முள் நீக்கப்படாத சாங்கிரிங் மரத்தால் ஆனது. கெபோ இஜோ அதை இரவல் வாங்கி, ஊரெல்லாம் செருகிக்கொண்டு திரிகிறான். ஆரோக் அதைத் திருட்டுத்தனமாக எடுத்துக் கொலை செய்துவிட்டு, கெரிஸை உடலிலேயே விட்டுப் போக, பழி கெபோ இஜோமேல் விழுகிறது. ஆகவே கடைசி வரிசையில் இருப்பவருக்கும் அடையாளம் தெரியும்படி முள் கைப்பிடியைச் சற்றுப் பெரிதாகச் செய்யுங்கள். முனை மழுங்கிய இரண்டு பிரதிகளைத் தயாராக வையுங்கள்.

பிளாங்கோன் தலைப்பாகையும் கெபாயாவும் பிற்காலத்தவை. 13-ஆம் நூற்றாண்டுக் கதையில் போட்டால் காலம் குழம்பும். ஜாகோ, பனாத்தரான் கோயில்களின் புடைப்புச் சிற்பங்களைப் பார்த்து உடை வரையுங்கள். டெடெஸின் உருவம் என்று மக்கள் நம்பும் பிரக்ஞாபாரமிதா சிலை சிங்கசாரிப் பகுதியில் கிடைத்து, நெதர்லாந்தின் லைடனுக்குப் போய், 1978-இல் ஜகார்த்தாவுக்குத் திரும்பியது. அதன் அமைதியை நடிகைக்குக் காட்டுங்கள். ஆனால் அது பௌத்தர்களின் தெய்வ வடிவம். மேடையில் அப்படியே பிரதி எடுத்து வைக்க வேண்டாம்.

முடிவுக் காட்சிக்கு மலாங் அருகிலுள்ள கிடால் கோயில் கைகொடுக்கும். அது அனுசபதியின் நினைவாக எழுந்தது. அதில் அடிமைப்பட்ட தாயை மீட்கும் கருடனின் கதை மூன்று சிற்பங்களாக இருக்கிறது. வினதையை மீட்ட கருடனை நம் வாசகர்களுக்கும் தெரியும். தாய் தந்த கெரிஸால் ஆரோக்கைக் கொல்ல வைத்த மகனுக்கு அந்தக் கதையைச் செதுக்கியவர்கள் ஒரு கருத்தைச் சொல்லியிருக்கிறார்கள் என்று கொண்டால், இறுதிக் கூட்டுப்பாடலின் பொருள் கையில் இருக்கிறது.

சாபத்தின் கணக்கை மட்டும் வலிந்து நிறைவேற்றாதீர்கள். பரரதோனிலேயே ஏழு அரசர்கள் அந்தக் கெரிஸால் சாகவில்லை. தோஜயா ஈட்டிக் காயத்தால் இறக்கிறான். சேவற்கட்டோடு நிறுத்திவிட்டு, மிச்சத்தைப் பார்வையாளரின் கணக்குக்கு விடுங்கள்.

முன்னோடிகளிடம் கற்க வேண்டியவை

ஜாவாவுக்கு இசை நாடகம் புதிதல்ல. சுரகர்த்தாவின் மங்குநகரன் அரண்மனையில் வளர்ந்த லாங்கென்ட்ரியன், பெண்களே ஆடிப் பாடும் நாடகம். உரையாடல் முழுவதும் மாச்சபத்தில்தான். சுரபாயாவில் 1891-இல் தொடங்கிய கொமேடி ஸ்தாம்பூல், பார்சி நாடகக் குழுக்களின் பாணியை ஒட்டி எழுந்தது. அதே பார்சி நாடகம்தான் தமிழ் மேடையையும் மாற்றியது. பிராம்பனான் கோயிலருகே 1961 முதல் நடக்கும் ராமாயண நடன நாடகம் வசனமில்லாமலே கதை சொல்ல முடியும் என்று காட்டியது. 2010-இல் சிங்கப்பூர் எஸ்பிளனேடில் அரங்கேறிய மாத்தா ஆத்தி, மங்குநகரன் வம்சத்தை நிறுவிய ராடன் மாஸ் சாயிதின் மனைவியை மையமாக்கியது. ஓரத்தில் நின்ற பெண்ணை நடுமேடைக்குக் கொண்டுவரும் உத்திக்கு அது நல்ல பாடம்.

உரிமையும் உணர்வும்

பரரதோன் எல்லாருக்கும் பொது. அதன் இக்கால மொழிபெயர்ப்புகள் அப்படியல்ல; எதைப் பயன்படுத்தினாலும் அனுமதி பெறுங்கள். புரமூடியா ஆனந்த தூர் புரூ தீவுச் சிறையில் எழுதி 1999-இல் வெளிவந்த 'ஆரோக் டெடெஸ்' நாவல், மந்திரங்களை நீக்கி இதை ஆட்சிக்கவிழ்ப்புக் கதையாகச் சொல்கிறது. அந்தப் பார்வையையும் அதில் வரும் காட்சிகளையும் எடுப்பதாக இருந்தால் உரிமை கேட்காமல் தொடாதீர்கள்.

வேறு கதைகளை எடுப்பவர்களும் கவனிக்க வேண்டும். 1357-இல் சுந்தா மன்னரின் குடும்பம் மஜபாகித் படையால் அழிந்த புபாத் நிகழ்வு இன்றும் ஆறாத புண். சுந்தாப் பகுதியான மேற்கு ஜாவாவின் பண்டுங் நகரில் மஜபாகித், ஹயாம் வூருக் என்ற பெயர்கள் தெருக்களுக்கு வந்ததே 2018-இல்தான். சாலோன் ஆராங் கதையோடு சேர்ந்த ரங்டா முகமூடிகள் பாலியில் பூஜை செய்யப்பட்டவை. மேடைக்கென்று தனியாகச் செய்ததையே பயன்படுத்துங்கள்.

ஒத்திகைக்கு முன் சரிபார்க்க

• இரு நூல்களின் முரண் பட்டியல் எழுதியாகிவிட்டதா?
• ஒவ்வொரு பாடலும் ஏன் பேச்சாக இருக்க முடியாது என்று ஒரு வரியில் சொல்ல முடிகிறதா?
• ஒத்திகைக்கும் அரங்கேற்றத்துக்கும் ஒரே காமெலான்தானா?
• பாடகர்கள் அதன் முன் பாடிப் பார்த்தார்களா?
• ஜாவானிய இசையும் நடனமும் அறிந்த ஒருவர் முதல் நாளிலிருந்தே குழுவில் இருக்கிறாரா?

கடைசிக் கேள்விக்கு "இல்லை" என்பது பதிலானால் மற்ற நான்கும் பயன்படாது. அவரைத் தேடிக் கண்டுபிடித்துச் சம்பளம் பேசி அமர்த்துங்கள். பெயரை விளம்பரத்தில் இயக்குநருக்கு இணையாகப் போடுங்கள். அதன் பிறகே முதல் வரியை எழுதத் தொடங்குங்கள்.